மனநோயைப் பார்த்தவர் சட்டசபைக்குப் போனார்

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அலுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டோம். சத்துணவு, கான் சுத்தம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்றெல்லாம் இங்கே பேசியிருக்கிறோம். இன்றைக்கு மனதுக்கு வருகிற நோயைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும் சேர்த்துப் பேசப் போகிறோம். இதுக்கும் அதுக்கும் என்னாங்க சம்பந்தம் என்று கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. அமெரிக்காவில் ஒருவருடைய கதையைச் சொன்னால் விளங்கும்.

அவர் பெயர் டெட் ஸ்ட்ரிக்லண்ட். 1941இல் ஒஹாயோ மாநிலத்தில் லூகஸ்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா உருக்கு ஆலைத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர். நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்ட குடும்பம்தான். படித்துக் கிறிஸ்தவ போதகரானார். பிறகு உளவியல் படித்து 1980இல் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். உளவியலாளர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. மனம் நொந்தவரோடு உட்கார்ந்து, பேசவிட்டுக் கேட்டு, வழிகாட்டுகிறவர்.

இவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? தன் ஊரிலேயே இருந்த, கடுங்காவல் உள்ள பெரிய சிறைச்சாலை. 1985இல் இருந்து அங்கே உளவியலாளராக இருந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். ஊருக்கு ஊர் சிகிச்சை நிலையம் வரும் என்று சொன்னார்கள். வேண்டிய அளவுக்கு வரவில்லை. மருந்து இல்லாமல் தெருவில் நின்ற நோயாளி என்ன செய்வார்? கத்துவார், கடையில் எதையாவது எடுப்பார், பொலிஸ் பிடிக்கும். ஆஸ்பத்திரி வாட்டில் இருக்க வேண்டியவர்கள் இப்படி மறியலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். சிறைக்குள் வேலை செய்த ஸ்ட்ரிக்லண்டுக்கு இது பத்திரிகையில் படித்த செய்தி இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்த சங்கதி.

இனித் தேர்தல் கதை. அமெரிக்காவில் சட்டம் செய்கிற சபைக்குக் கொங்கிரஸ் என்று பெயர். அதில் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும் 435 பேர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். ஸ்ட்ரிக்லண்ட் 1976இல் நின்றார், தோற்றார். 1978இல் நின்றார், தோற்றார். 1980இல் நின்றார், அப்போதும் தோற்றார். வேறு ஆளாக இருந்தால் போதுமடா சாமி என்று விட்டிருப்பார். இவர் 1992இல் மறுபடி நின்று, கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

வென்ற மறு வருஷமே, 1993 ஏப்ரலில், தான் வேலை பார்த்த அதே லூகஸ்வில் சிறையில் பெரிய கலவரம். பதினொரு நாள் நீடித்தது. கைதிகள் ஒன்பது பேரும் காவலர் ஒருவரும் செத்துப்போனார்கள். 1994இல் தேர்தலிலும் தோற்றார். 1996இல் திரும்ப வென்று பத்து வருஷம் சபையில் இருந்தார்.

அங்கே போய் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மனநோயாளருக்கென்று தனி நீதிமன்றங்கள் நடத்த அரசாங்கம் பணம் கொடுக்கும் சட்டம். பிரதிநிதிகள் சபையில் அதைக் கொண்டுவந்தவர் ஸ்ட்ரிக்லண்ட். செனட் சபையில் கொண்டுவந்தவர் மைக் டிவைன். இருவரும் ஒஹாயோக்காரர்கள், ஆனால் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். அவர் ஜனநாயகக் கட்சி, இவர் குடியரசுக் கட்சி. மேடையில் சண்டை போட்டாலும் நோயாளிக்காகக் கைகோர்த்தார்கள். 2004இல் இன்னொரு சட்டத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தார்கள்.

அந்த நீதிமன்றம் எப்படி நடக்கிறது? சின்னக் குற்றத்தில் பிடிபட்டவருக்கு மனநோய் இருந்தால், அவர் சம்மதித்தால், மறியலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். மருந்து எடுக்கிறாரா, கிளினிக் போகிறாரா என்று நீதவான் அடிக்கடி கூப்பிட்டு விசாரிப்பார். ஒழுங்காக முடித்தால் பல இடங்களில் வழக்கையே தள்ளிவிடுவார்கள். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். அமெரிக்கச் சிறைகளில் இன்றைக்கும் மனநோயாளர் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கதவு திறந்தது. நோவைக் கண்ணால் கண்ட ஒருவர் சபைக்குள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இந்தக் கதையை நாம் ஏன் பேச வேண்டும்? சட்டம் மாறினால் மனநோயாளியின் தலைவிதி மாறும் என்பதை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். முந்தி இலங்கையில் ஒருவர் உயிரை விட முயற்சி செய்து பிழைத்துக்கொண்டால், அது குற்றம். வேதனைப்பட்டவர் மேலேயே வழக்கு. 1998இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் ஒன்று அது. அதன் பிறகு கொடிய நஞ்சு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்து வருஷத்துக்குள் அந்தச் சாவு பாதியாகக் குறைந்தது. சட்டத்தாலும் கட்டுப்பாட்டாலும் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்க.

ஆனால் பழைய பயம் லயத்தில் இன்னும் போகவில்லை. பொலிஸ் வரும், கேஸ் ஆகும் என்று மூடி மறைக்கிறோம். பிள்ளை தனியாகப் பேசினால் பேய் பிடிச்சிருச்சு என்று கோடாங்கியைக் கூப்பிடுகிறோம். சாமி கும்பிடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்க. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாகப் போறேன் என்று ஒருவர் சொன்னால், சும்மா சொல்றா என்று விட்டுவிடாதீங்க. பக்கத்தில் இருங்க, மருந்துப் போத்தல்களை எட்டாமல் வையுங்க, டொக்டரிடம் காட்டுங்க. 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம்.

கடைசியாக ஒன்று. நம்முடைய பாட்டன் பூட்டன் 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் ஓட்டும் இழந்து நின்றார்கள். கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பி வந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் மீதிப் பேருக்கும் வழி பிறந்தது. அப்படி அரும்பாடுபட்டுக் கிடைத்த ஓட்டு இது. எந்தக் கட்சிக்குப் போடுங்க என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சம்பளம், வீடு, ரோடு என்று கேட்கும்போது இதையும் கேளுங்க: “ஐயா, எங்க பக்கத்து ஆஸ்பத்திரியில மனநோய் கிளினிக் மாசத்துக்கு எத்தனை நாள் நடக்குது? தமிழில் பேசி விளங்கப்படுத்த ஆள் இருக்கா? இல்லாட்டி நீங்க என்ன செய்வீங்க?” பதில் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்று பாருங்க.

நம் லயத்துப் பிள்ளைகளில் ஒன்று நாளைக்கு மனநல டொக்டராகலாம், உளவியலாளராகலாம், சபைக்கும் போகலாம். உருக்கு ஆலைத் தொழிலாளியின் மகன் மூன்று தரம் தோற்றும் போகவில்லையா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தாதீங்க.