திருமுறை கண்ட திருநாரையூர் நம்பி
(கொட்டிவாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் சுருக்கம்)



வேதத்தை நான்காக வகுத்தமையால் வியாசர் வேதவியாசர் எனப்பெற்றார். பைலர், வைசம்பாயனர், சைமினி, சுமந்து என்னும் மாணாக்கர் நால்வர் வாயிலாக அவை வழிவழி ஓதப்பெற்றன என்பது புராண மரபு. அத்தகைய அருந்தொண்டினைத் தமிழ் வேதத்திற்கு ஆற்றியவர் நம்பியாண்டார் நம்பி.

மூவர் பதிகங்களைத் தேடித் தருமாறு இராசராச மன்னன் நம்பிகளை வேண்டினான் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். (அவன் முதலாம் இராசராசனோ, முற்பட்ட சோழன் ஒருவனோ என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை.) ஏடுகள் தில்லைக் கோயிலில் அடைத்த அறையொன்றில் இருந்தன. மூவரும் வந்தாலன்றித் திறவோம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்தான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது! எண்ணெய் சொரிந்து புற்றை அகற்றினால், பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது. மன்னன் உள்ளம் கலங்கினான். இக்காலத்திற்கு வேண்டுவனவற்றையே எஞ்ச வைத்தோம் என ஒரு திருவாக்கு எழுந்ததாம்.

எஞ்சியவற்றை நம்பிகள் எவ்வாறு அடைவு செய்தார்? இதனை அறியக் கொட்டிவாக்கத்து அன்பர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடுத்துள்ள திருவான்மியூருக்குத் தேவாரப் பதிகங்கள் மூன்று. சம்பந்தர் இந்தளப் பண்ணில் அருளியது இரண்டாம் திருமுறையிலும், கௌசிகப் பண்ணில் அருளியது மூன்றாம் திருமுறையிலும், அப்பரடிகளின் குறுந்தொகை ஐந்தாம் திருமுறையிலும் உள்ளன. தலம் ஒன்று, திருமுறை மூன்று! பாடினோரையும், பண்ணையும் யாப்பையும் கொண்டே அடைவு அமைந்தது. தலத்தைக் கொண்டு அன்று. தலயாத்திரை செல்வோர்க்குத் தலமுறைப் பதிப்புகள் எளியனவே. ஆயினும் ஓதுவார்க்கு உயிர் பண்முறையே.

அப்பண்ணும் எளிதிற் கிட்டியதன்று. ஏடு கைவந்தும் இசை தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைத் தில்லைக்கு அழைத்துவந்து பண் வகுக்கச் செய்தனர் என்கிறது அப்புராணம். அவ்வம்மையார் பெயரை அது கூறாமல் விட்டது நமக்குக் குறையே.

பதினொரு திருமுறைகளை நம்பிகள் வகுத்தார்; குன்றத்தூர்ச் சேக்கிழாரின் பெரியபுராணம் பின்னர்ப் பன்னிரண்டாவதாயிற்று.

மறைந்தவை யாவும் மறைந்தே போயினவோ எனின், அன்று. 1917ஆம் ஆண்டில் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கண்டெடுக்கப்பெற்றது. நம்பிகளின் அடைவிற்குள் வாராத அப்பதிகத்தைக் கல் காத்திருந்தது. இன்று அது தேவாரப் பதிப்புகளில் இடம்பெற்று ஓதப்பெறுகிறது.