அம்மையார் தீட்டிய தம் உருவம்



காஞ்சிபுரத்தில் தறியோசை கேட்கும் தெருக்களில் நடப்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றாமல் இராது. பெண்ணுக்கு அழகு சேர்ப்பதற்கென்றே ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகப் பட்டும் சரிகையும் நெய்து வருகிறதே என்பதுதான் அது. அதே ஊரில், ஏகாம்பரநாதர் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையைத் தொழச் செல்வோர், அழகை வேண்டாமென்று உதறிய ஓர் அம்மையையும் வணங்குகின்றனர். மற்ற அடியார் நிற்க, அவரை மட்டும் அமர்ந்த கோலத்தில் அமைப்பது சிவாலய வழக்கு. அவரே காரைக்கால் அம்மையார்.

எலும்பெடுத்த அவ்வுருவத்தை முதலில் தீட்டியவர் யார்? கணவனுக்காகச் சுமந்த தசையைக் கழித்துப் பேய்வடிவம் வேண்டினார் என்று சேக்கிழார் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். அம்மையாரோ 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். காஞ்சிக்கு வடக்கேயுள்ள திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில், வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேயை நம் கண்முன் நிறுத்துகிறார். பதிகத்தை முடிக்கும்போது தம்மையே 'காரைக்கால் பேய்' என்கிறார். வண்ணமும் தூரிகையும் இல்லை; சொல்லே சித்திரமாயிற்று.

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டில் கூடா என்றொரு கன்னித்துறவி இருந்தார். தாம் படியெடுத்த சமயவுரை நூலில், பெரிய எழுத்தொன்றின் வளைவுக்குள் தம் உருவத்தை வரைந்தார். நூலை எழுதியதும் தீட்டியதும் பாவியாகிய தாமே என்று அங்கேயே பொறித்தும் வைத்தார்.

ஒருவர் தம்மைப் பேய் என்றார். மற்றவர் பாவி என்றார். ஆயினும் கூடா தம் பெயரை மறைக்கவில்லை. அம்மையார் தம் ஊரை மறைக்கவில்லை. பணிவு வேறு, மறைந்து போதல் வேறு அன்றோ? தம்மை உலகம் எவ்வாறு காணவேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

அம்முடிவைப் பின்வந்தோரும் மதித்தனர். 11-ஆம் நூற்றாண்டில், சேக்கிழாருக்கு முன்பே, கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பி ஆடும் பெருமான் அருகே தாளமிடும் அம்மையாரை வடித்தான். அவரை அழகியாக்க அவன் உளி துணியவில்லை. அடுத்த முறை அந்த வரிசையைத் தொழும்போது, அம்மையாரின் முன் சற்றே நில்லுங்கள். நாம் காண்பது அவர் தாமே தந்த உருவம்.