நீங்கள் யாருடைய வக்கீல்?



இன்று சட்டப் பட்டம் பெறும் உங்களில் பலருக்கு உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும் கனவு இருக்கும். இருக்கட்டும். ஆனால் எங்கள் தாண்டிக்குடி மலைக்காரர் வக்கீல் வீட்டுப் படியேறுவது, காப்பித் தோட்டம் கைமாறும்போதும் அதை அடமானம் வைக்கும்போதும்தான்.

அங்கே, கீழ்ப்பழனி மலையில் ஒருவர் வங்கிக் கடனில் நாலு ஏக்கர் வாங்குகிறார் என்று வையுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் உங்கள் மேசைக்கு வருகின்றன. சான்றில் வில்லங்கம் ஏதுமில்லை. அத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாமா? பதிவானதை மட்டும்தான் அந்தச் சான்று காட்டும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டது அதில் ஏறாது. பாகப்பத்திரத்தில் கையெழுத்துப் போடாத அக்காவும் தங்கையும் அதில் தெரியமாட்டார்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ஆனாலும் “கூடப் பிறந்த பெண்கள் எத்தனை பேர்?” என்று கேட்க நம் வக்கீல்கள் சிலருக்கு இன்னும் கூச்சம். வாங்குபவரோ, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை விற்றுப் பாதிக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்பதை அவருக்கு யார் சொல்வது?

இந்த ஆவணங்களைப் பார்த்து எழுதும் லீகல் ஒப்பீனியனுக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் அவர்தான். ஆனால் வங்கியின் பட்டியலில் உள்ள பேனல் வக்கீல் அதை எழுதுவது வங்கிக்கு. “வக்கீல் பார்த்துட்டாரு, இனி பயமில்லை” என்று அவர் நிம்மதியாக மலையேறிவிடுகிறார். அந்த நிம்மதி உங்களை நம்பி வந்தது. ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “ஐயா, நான் வங்கிக்காகப் பார்க்கிறேன். உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.”

ஹைதராபாத்தில் போலி வீட்டுக்கடன் வழக்கு ஒன்றில், ஒப்பீனியன் எழுதிய விஜயா வங்கிப் பேனல் வழக்கறிஞரையும் சி.பி.ஐ. சதியில் சேர்த்தது. நம் ஈரோட்டுப் பக்கத்து நீதிபதி ப. சதாசிவம் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு, 2012-இல் அதை ஏற்கவில்லை. மோசடியில் அவருக்குப் பங்கிருந்ததைக் காட்டாமல் குற்றவாளியாக்க முடியாது என்றது. கடும் கவனக்குறைவு நிரூபணமானால் பொறுப்பு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. வக்கீல்கள் இதை மட்டும் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை! வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024-இல் தீர்ப்பு வந்தபோதும் நாம் மகிழ்ந்தோம். ஆனால் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு வக்கீல்மேல் வழக்குப் போடலாம் என்ற 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தை அது தொடவில்லை.

வக்கீலின் கவனக்குறைவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு: இங்கிலாந்தில் 1961-இல் ஒரு தகப்பனார், பண்ணையை வாங்கிக்கொள்ளும் உரிமையை மகனுக்கு எழுதிக்கொடுத்தார். வக்கீலான சொலிசிட்டர் அதைப் பதிவு செய்யவில்லை. ஆறு வருடம் கழித்து, சுமார் 40,000 பவுண்டு பெறுமான பண்ணையைத் தகப்பனார் தன் மனைவிக்கே 500 பவுண்டுக்குக் கிரயம் செய்துவிட்டார். நம்மூர்க் குடும்பக் கதை போலவே இல்லையா? பதிவில்லாததால் மகனுக்கு நேர்ந்த நட்டத்துக்கு அந்தச் சொலிசிட்டர் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பானது.

நாளை நீங்கள் எழுதும் ஒப்பீனியனில் பார்த்த ஆவணங்களோடு பார்க்காதவற்றையும் குறியுங்கள். மூலப்பத்திரத்தைக் காட்டாமல் ஜெராக்ஸ்தான் தந்தார்கள் என்றால், ஜெராக்ஸ் என்றே எழுதுங்கள்.