'மதிப்பிடப்படவில்லை': கார்பன் கணக்கில் விடுபடும் தெருக்கள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலநிலை மாற்றம் பற்றிப் பேச அழைத்தீர்கள். பனிப்பாறை உருகுவதையும் கடல் மட்டம் உயர்வதையும் நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். நான் இன்று கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு நகரம் எவ்வளவு பசுங்குடில் வாயுவை வெளியிடுகிறது என்று எப்படி எண்ணுகிறார்கள்? அந்த எண்ணிக்கையில் நம் மக்கள் எங்கே இருக்கிறார்கள்?

நான் கொடுங்கையூர்க்காரன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் குப்பைமேடு தெரியும். கோடையில் மேடு தீப்பிடித்தால் இரண்டு மூன்று நாள் புகையும். அம்மா சேலையை நனைத்துச் சன்னலில் தொங்கவிடுவார். பள்ளிக்கூடத்தில் "எங்கேயிருந்து வர்ற?" என்று கேட்டால் வியாசர்பாடி என்று சொல்லிச் சமாளித்த நாட்கள் உண்டு. படித்து முடித்ததும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நகரங்களுக்குக் கார்பன் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை. அங்கேதான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன்.

அடிப்படைச் சூத்திரம் மிக எளிது. எவ்வளவு எரித்தோம் என்பதை, ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வரும் என்ற எண்ணால் பெருக்க வேண்டும். புகைபோக்கியில் கருவி வைத்து அளப்பது குறைவு. மின்கட்டணப் பதிவு, பெட்ரோல் பங்க் விற்பனை, குப்பை லாரியின் எடைச்சீட்டு ஆகியவற்றிலிருந்துதான் பெரும்பகுதியைக் கணக்கிடுகிறார்கள்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இந்த எண்ணை வெளியிடுவது மத்திய மின்சார ஆணையம். அந்த ஆணையத்தின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. மத்திய அளவில் ஒரு தொழில்நுட்ப மின்வாரியம் அந்தக் காலத்தில்தான் உருவானது. 1948 மின்சார வழங்கல் சட்டத்துக்கும் அந்தப் பணியே அடித்தளம். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைத்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் வறுமையிலிருந்து மக்கள் மீள முடியும் என்று 1943இல் அவர் வாதாடினார். ஆகவே மின்சாரமே வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. அந்த மின்சாரம் யாருக்குப் போகிறது, அதன் சாம்பல் யார் தலையில் விழுகிறது என்று கேட்கிறேன்.

யாருக்குப் போகிறது? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஓடும் வீட்டின் கணக்கு 70 கிலோ. மூன்று ஏசி வைத்து 2,000 யூனிட் ஓட்டும் வீட்டின் கணக்கு 1,400 கிலோ. இருபது மடங்கு. ஆனால் நகரத்தின் அறிக்கையில் இரண்டு வீடும் சேர்ந்து 'தலைக்கு இத்தனை டன்' என்ற ஒரே சராசரிக்குள் அடங்கிவிடும். இந்தியா உலக மேடையில் செய்வதும் இதுதான். நம் சராசரி உலகச் சராசரியில் பாதிகூட இல்லை என்பது உண்மை. பணக்கார நாடுகளிடம் அதைச் சொல்லி நியாயம் கேட்பதும் சரி. ஆனால் 2007இல் கிரீன்பீஸ் இந்தியா ஓர் ஆய்வு வெளியிட்டது. மாத வருமானம் 30,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள், 3,000 ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்களைவிடச் சுமார் நாலரை மடங்கு கார்பனை வெளியிடுகிறார்கள் என்றது. ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதே அந்த அறிக்கையின் தலைப்பு.

அடுத்து, சாம்பல் யார் தலையில்? 2014இல் உலக வள நிறுவனம், சி40, இக்லி ஆகிய அமைப்புகள் சேர்ந்து நகரங்களுக்கான கணக்கு விதிகளை வெளியிட்டன. அதன்படி எல்லைக்குள் எரிப்பது ஒரு பிரிவு. வெளியே உற்பத்தியாகி உள்ளே பயன்படுத்தும் மின்சாரம் இரண்டாவது பிரிவு. எல்லை தாண்டிய மற்றவை மூன்றாவது. நகரத்துக்குள்ளேயே மின் நிலையம் இருந்தாலும், அது கட்டமைப்புக்கு அனுப்பும் மின்சாரத்தின் உமிழ்வைத் தனியாகக் குறிப்பார்கள். கூட்டுத்தொகையில் சேர்க்க மாட்டார்கள். ஒரே டன்னை இருமுறை எண்ணக் கூடாது என்பது காரணம். கார்பனைப் பொறுத்தவரை இது நியாயமான விதி. எங்கே விட்டாலும் அந்த வாயு உலகம் முழுவதும் பரவிவிடும். பயன்படுத்துபவர் பெயரில் எழுதுவதில் தவறில்லை.

ஆனால் சாம்பல் உலகம் முழுவதும் பரவாது. அது பக்கத்து ஊரில்தான் விழும். எண்ணூரை ஒட்டி, மாநகராட்சி எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். 2024இல் 800 மெகாவாட் மூன்றாம் நிலையும் தொடங்கப்பட்டது. அருகில் வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். உள்நாட்டு நிலக்கரியை 100 டன் எரித்தால் 30 டன்னுக்கு மேல் சாம்பல் வரும். அதைத் தண்ணீரில் கலந்து குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. அந்த ஆற்றை நம்பி இருப்பவர்கள் மீனவர்கள், கையால் இறால் பிடிக்கும் இருளர்கள், சுற்றுப்புறக் காலனிகளின் தலித் மக்கள்.

கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டு கெடு. கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவி கட்டாயமில்லை என்று விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஆக, டன் கணக்கு நகரத்தின் பெயரில் ஏறுகிறது. சாம்பலும் கந்தகமும் வெந்நீரும் எந்தக் கார்பன் அறிக்கையிலும் ஏறாமல் எண்ணூரிலேயே தங்கிவிடுகின்றன. ஊருக்கு வேண்டியதை உள்ளே எடுத்துக்கொண்டு, கழிவை ஊருக்கு வெளியே தள்ளும் பழக்கம் நமக்குப் புதிதா தோழர்களே? சேரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும்.

இப்போது குப்பை. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. மக்கும் குப்பை காற்றுப் புகாத ஆழத்தில் அழுகினால் மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கு மேல். வழக்கமாக எடுத்துக்கொள்வது நூறாண்டுக் கணக்கு. அதனால் குப்பைமேட்டின் பங்கு அறிக்கையில் சிறிதாகத் தெரியும்.

ஒருமுறை வேறொரு நகரத்துக்காக அட்டவணை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'திறந்தவெளியில் எரிதல்' என்று ஒரு வரி. தரவு இல்லை. அப்படியானால் 'என்.ஈ.' என்று எழுத வேண்டும் என்பது விதி. 'மதிப்பிடப்படவில்லை' என்று பொருள். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அம்மா நனைத்துத் தொங்கவிட்ட சேலை நினைவுக்கு வந்தது. எங்கள் புகையும் எங்கோ ஓர் அட்டவணையில் இரண்டு எழுத்தாக முடிந்திருக்கும்.

இப்போது கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டும் என்கிறார்கள். வடசென்னை மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். இதிலும் ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது. எரித்து மின்சாரம் எடுத்தால், அந்த உமிழ்வைக் 'கழிவு' என்ற தலைப்பிலிருந்து 'எரிசக்தி' என்ற தலைப்புக்கு மாற்றி எழுத வேண்டும் என்பது விதி. கழிவுப் பத்தி இறங்கும். பிளாஸ்டிக் எரிந்த புகை அதே தெருவில்தான் இருக்கும்.

மீத்தேனை உண்மையில் குறைப்பவர்கள் யார்? மக்கும் குப்பையைத் தனியே பிரிக்கும் தூய்மைப் பணியாளர்கள். மேட்டில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்புபவர்கள். அவர்கள் சாதி என்ன என்று இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் குறைத்த டன் மாநகராட்சியின் சாதனையாக அறிக்கையில் வரும். ஆனால் 2025 ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த அதே பணியாளர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. அவர்களுடைய கூலியும் பணிப் பாதுகாப்பும் எந்தக் காலநிலைக் கணக்கில் வரும்?

அதற்காகக் கணக்கே மோசடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எண்ணப்படாததற்கு நிதி வராது. சாதிவாரிக் கணக்கெடுப்புக்காக நாம் ஏன் போராடுகிறோம்? அதே காரணத்துக்காக இந்தக் கணக்கிலும் நாம் நுழைய வேண்டும்.

2023இல் சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் வெளியானது. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. அதை வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊர்த் திட்டம் இருந்தால் அதையும் படியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தலைக்குச் சராசரி வேண்டாம், மின் பயன்பாட்டு அளவு வாரியாகவும் வார்டு வாரியாகவும் கொடுக்க முடியுமா? நகரம் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு டன்னோடு சாம்பலையும், அது கொட்டப்படும் ஊரின் பெயரையும் எழுதுவீர்களா? 'மதிப்பிடப்படவில்லை' என்ற வரிகள் எத்தனை, அவை யாருடைய தெருக்கள்?

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அட்டவணை படிப்பதில் சந்தேகம் இருந்தால் என்னிடம் வாருங்கள். கற்பி என்றார் பாபாசாகேப். எனக்குத் தெரிந்தது இந்தக் கணக்கு. உட்கார்ந்து சேர்ந்து போடுவோம்.