மாத்திரையின் மேலாடை



மாத்திரைகள் பலவற்றின் மேல் மெல்லிய படலம் ஒன்று போர்த்தப்பட்டுள்ளது. அதன் தடிப்பு பெரும்பாலும் 20 முதல் 100 மைக்ரோமீட்டர் வரையே. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் அளவு. கசப்பை மறைப்பதும் ஈரத்தைத் தடுப்பதும் மட்டுமே அதன் பணியல்ல. பான்டோபிரசோல் போன்ற மருந்துகள் இரைப்பை அமிலத்தில் சிதைந்துவிடும். அவற்றின் படலம் இரைப்பையில் கரையாமல் நின்று, அமிலம் குறைந்த சிறுகுடலை அடைந்த பின்னரே கரையும். இடையில் ஒரு விரிசல் விழுந்தாலும் மருந்து வீணாகும்.

ஆதலின் படலத்திற்கு வலிமை, நெகிழ்வு, பற்றுதல் ஆகிய மூன்றும் வேண்டும். பாலிமர் கரைசலை மாத்திரையின்மேல் தெளித்து வெப்பக் காற்றில் உலர்த்துகின்றனர். உலரும் படலம் சுருங்க முயல்கிறது, மாத்திரையோ இடங்கொடாது. எனவே படலத்தினுள் இழுவிசை தேங்குகிறது. அவ்விசை படலத்தின் வலிமையை மிஞ்சினால் விரிசல் விழும். பற்றுதலை மிஞ்சினால் படலம் பெயர்ந்துவிடும்.

பெரிதும் பயன்படும் ஹைட்ராக்சி புரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ் மரக்கூழ், பருத்தி ஆகியவற்றின் செல்லுலோஸிலிருந்து ஆக்கப்படுவது. இதன் படலம் விறைப்பானது. பாலிஎதிலீன் கிளைக்கால் போன்ற நெகிழ்வூட்டியைச் சேர்த்தால், அது மூலக்கூற்றுச் சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றை நழுவவிடும். படலம் முறியாமல் நீளும். மிகுதியாகச் சேர்த்தாலோ வலிமை குன்றும். அளவறிந்து சேர்ப்பதே இத்தொழிலின் நுட்பம்.

கொல்லாமையைப் போற்றும் இல்லங்களில் கேப்சூல் பற்றிய ஐயமும் எழுவதுண்டு. ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. ஜெலட்டின் கூட்டில் வழக்கமாக 13 முதல் 16 விழுக்காடு நீர் இருக்கும். அது மிகக் குறைந்தால் கூடு நொறுங்கும். மேற்சொன்ன செல்லுலோஸ் பொருளால் ஆன கூடோ குறைந்த ஈரத்திலும் எளிதில் நொறுங்குவதில்லை. ஆகவே தாவரக் கூடு உறுதியில் தாழ்ந்தது என்று எண்ண வேண்டா. இத்தகைய கூடு உண்டா என மருத்துவரையோ மருந்தாளுநரையோ வினவலாம்; வினவாமல் மருந்தை நிறுத்துதல் தகாது.

முதியோர் விழுங்க இடர்ப்படுவதால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அன்பினால் செய்யப்படுவதாயினும் அது தீங்காகலாம். குடலில் கரைய வேண்டிய மருந்து இரைப்பையிலேயே அழியும். பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒருங்கே உடலிற் கலந்து உயிருக்கே ஊறு செய்யவுங்கூடும். பொடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டறிதல் நலம். மயிரிழையளவு மெல்லிய அப்படலம் காக்கும் பொருள் மருந்து மட்டுமன்று. அதை உண்ணும் உயிருமாகும்.