இல்லத்தில் வளரும் குழந்தையும் ஊராரின் கடமையும்

(காரைக்குடியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சாலை, கண்மாய், குடிநீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் பெரும்பாலும் கூடுகிறோம். இன்று வேறொரு பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நம் ஊர்களிலிருந்து குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பப்பெறும் சிறுவர் சிறுமியரின் மனத்துயரமே அப்பொருள்.

இல்லங்களில் இருப்போர் யாவரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவர்களுள் பலருக்குத் தாயோ தந்தையோ உண்டு. கணவனை இழந்த தாய் கூலி வேலைக்கு வெளியூர் செல்ல நேரிடுகிறது; தந்தை குடிக்கு அடிமையாகிறான்; அல்லது தாய் தீராத நோயில் வீழ்கிறாள். “அங்கே போனால் மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும்” என்று ஊரார் நல்லெண்ணத்துடனேயே அனுப்பி வைக்கின்றனர். சோறும் படிப்பும் கிடைக்கலாம். ஆயினும், குழந்தை தன் துயரத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அத்துயரம் பல உருவங்களில் வெளிப்படும். ஒரு குழந்தை இரவு உணவில் ஒரு பகுதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். பத்து வயதுப் பையன் படுக்கையை நனைப்பான். ஒருத்தி எவரோடும் பேசமாட்டாள். மற்றொருத்தி முன்பின் அறியாத விருந்தினரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுப்பாள். கதவைப் பலமாகச் சாத்தினால் ஒருவன் நடுங்குவான். இன்னொருவன் கையை ஓங்குவான். இவர்களுக்குத் திருடன், அழுத்தக்காரி, முரடன் என்று பெயர் சூட்டிவிடுவது எளிது. உண்மை யாதெனில், பட்டினி கிடந்த குழந்தைக்கு நாளையும் சோறு உண்டு என்ற நம்பிக்கை வருவதற்கு நாளாகும். அடியையே கண்டு வளர்ந்த குழந்தையின் உடலும் மனமும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகின்றன. இது தீய குணமன்று, ஆறாத புண். புண்ணுக்குப் பிரம்பு மருந்தாகாது.

நாற்றைப் பறித்து நடுகையில் வேர் அறுபடுவதை விவசாயிகள் அறிவார்கள். நட்ட பயிர் சில நாள் வாடியே நிற்கும். பின்னரே வேர் பிடித்துப் பச்சை கட்டும். அதையே வாரந்தோறும் பிடுங்கி வேறு வயலில் நட்டால் என்னவாகும்? பராமரிப்பவர்கள் அடிக்கடி மாறும் இல்லத்தில் குழந்தையின் நிலையும் அதுவே.

இது ஆராய்ச்சியால் தெளிந்த உண்மை. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஆங்கில மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, இளங்குழந்தைக்கு உணவைப் போலவே தாயின் அல்லது தாய்போன்ற ஒருவரின் இடையறாத அன்பும் இன்றியமையாதது என்று எடுத்துக்காட்டிற்று. ருமேனியா நாட்டின் தலைநகரான புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் அறிவும் மனநலமும் இல்லங்களிலேயே இருந்தவர்களைவிட நன்கு வளர்ந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பத்தை அடைந்தவர்கள் மேலும் நல்ல பயன் பெற்றனர்.

செட்டிநாட்டாருக்கு இது புதிய செய்தியன்று. ஒரு காலத்தில் இங்குள்ள ஆடவர் பலர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று, மூன்றாண்டுக் கணக்கு முடிந்தே திரும்பினர். தந்தையின் முகமறியாமல் தவழ்ந்த குழந்தைகள் எத்தனையோ பேர். ஆனால் வளவு நிறைய மனிதர் இருந்தனர். அப்பத்தாவும் ஆயாவும் இருந்தனர். அழுதால் தூக்குவதற்கு என்றும் மாறாத ஒரு மடி இருந்தது. பிரிவினும் கொடியது, தன்னை நினைப்பார் ஒருவருமில்லை என்ற உணர்வே.

2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அங்கே அரசு இல்லம் தொடங்கப்பெற்றது. அப்போது ஆட்சியராகப் பொறுப்பேற்ற திரு. ஜெ. ராதாகிருஷ்ணன், வேறு பதவிகளுக்கு மாறிச் சென்ற பின்னும் அக்குழந்தைகளை வந்து பார்த்து வந்தார். அங்கு வளர்ந்த பெண்ணின் திருமணத்துக்கும் நேரில் சென்று வாழ்த்தினார். கட்டடம் அரசு தரலாம். இத்தகைய தொடர்ந்த உறவை மனிதர்தாம் தர இயலும்.

இனி, நாம் செய்ய வேண்டியவை எவை?

முதலாவது, குடும்பத்திலேயே குழந்தையை வைத்துக் காக்க வழி தேடுதல் வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகுத்த நெறி. வறுமையே காரணமாயின், வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு இடமுண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிற்று. மனு எழுதத் தெரியாத பாட்டிக்கு அதை எழுதிக் கொடுப்பதும் பஞ்சாயத்துப் பணியே.

இரண்டாவது, இல்லத்தில் சேர்த்தே ஆகவேண்டுமாயின், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் வாயிலாகவே சேர்த்தல் வேண்டும். பதிவு பெறாத இல்லத்தை நடத்துவது குற்றம். அவசரத்துக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

மூன்றாவது, கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு முறையாகக் கூடி, வெளியே சென்ற குழந்தைகளின் பெயர்களை வாசித்து, “இவனை யார் கடைசியாகப் போய்ப் பார்த்தது?” என்று கேட்டல் வேண்டும்.

நான்காவது, விடுமுறைக்கு வரும் குழந்தையை ‘ஆசிரமத்துப் பிள்ளை’ என்று சுட்டாதீர்கள். இன்னார் மகன், இன்னார் பேத்தி என்றே அழையுங்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அழைத்து வாருங்கள். வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் போய்ப் பாருங்கள். வாசலையே பார்த்திருந்து ஏமாந்த குழந்தை அடுத்த முறை நம்பாது.

கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே திரண்டு அடைக்கிறோம். ஒரு குழந்தையின் மனம் உடையும்போது ஓசை கேட்பதில்லை. கேளாத அந்த ஓசைக்கும் செவி கொடுக்கும் ஊரே முன்னேறிய ஊர் எனக் கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.