பட்டமும் கையொப்பமும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சென்றவர்கள் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். மழை ஓய்ந்ததும் பாத்திகளைத் திருத்தி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் உறையும் உப்பைப் பலகையால் வாரிக் கரையேற்றுவார்கள். அடுத்த மழைக்காலம் வரை அதுவே அம்மக்களுடைய வாழ்வு. அந்தக் கரையில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடக்கும்போது வானில் விமான ஒலி கேட்டால், பிள்ளைகளின் கண்கள் பலகணிக்குப் போய்விடும். நான் அதைக் கடிந்ததில்லை.

அப்படி வானைப் பார்த்த பிள்ளைகளுள் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிற்கு வந்தான். உப்பளத் தொழிலாளியின் மகன். விமானப் பொறியியலில் பட்டம் பெற்றிருந்தான். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஐயா, நான்கு ஆண்டு படித்துத் தேறிவிட்டேன். விமானத்தைப் பழுது பார்த்துச் சான்று தர உனக்கு உரிமம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் நான் படித்தது எதற்கு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அவன் தந்தை பட்ட கடனும் நின்றது. எனக்கு அன்று விடை தெரியவில்லை. "ஒரு வாரம் பொறு, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அத்தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர்களைக் கேட்டேன். நூல்களையும் விதிகளையும் படித்தேன். அவ்வாறு கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிந்துகொள்ளுங்கள். பட்டம் வேறு, உரிமம் வேறு. சட்டம் படித்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட பின்பே நீதிமன்றத்தில் வாதாடலாம் அல்லவா? அதுபோலவே, பராமரிப்பு வேலை முடிந்த விமானம், உரிமை பெற்ற ஒருவர் "இது பறக்கத் தக்கது" என்று கையொப்பமிட்ட பின்பே பயணிகளை ஏற்றலாம். நம் நாட்டில் அந்த உரிமத்தை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பல்கலைக்கழகம் அதை வழங்க இயலாது.

அவ்வுரிமத்தில் பெரிய பிரிவுகள் இரண்டு. பி-1 என்பது விமானத்தின் உடற்பகுதி, எந்திரம், சக்கரம் முதலியவற்றைச் சார்ந்தது. பி-2 என்பது மின்சாரம், வானொலி, வழிகாட்டும் மின்னணுக் கருவிகள் ஆகியவற்றைச் சார்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள், இயக்குநரகம் ஒப்புதல் அளித்த பயிற்சிப் பள்ளியில் நேரே சேரலாம். பட்டதாரியும் இவ்வழியை நாடலாம். பல தாள்களில் தேர்வெழுத வேண்டும். இயங்கும் விமானங்களில் கைப்பழக்கம் பெற வேண்டும். பிறகு ஏர்பஸ் ஏ-320, ஏ.டி.ஆர். என்று ஒவ்வொரு வகை விமானத்திற்கும் தனிப் பயிற்சி உண்டு. அதன்பின் வேலை தரும் நிறுவனமும் அதிகாரம் அளிக்க வேண்டும். இத்தனை படிகளும் ஏறிய பின்பே பேனாவைக் கையில் எடுக்கலாம்.

அப்படியானால் பட்டம் வீணா? இல்லை. விமான நிறுவனத்தில் மற்றொரு வாயிலும் உண்டு. அது தொழில்நுட்பப் பிரிவு. எந்த விமானத்தை எப்போது சோதிப்பது, எந்த உறுப்பை எத்தனை மணி நேரம் பறந்த பின் மாற்றுவது, விமானம் செய்தவர்கள் அனுப்பும் அறிவிக்கைகளையும் அரசின் ஆணைகளையும் எப்படி நிறைவேற்றுவது, திரும்பத் திரும்பத் தோன்றும் பழுதின் காரணம் என்ன என்பவற்றை அங்கே ஆராய்கிறார்கள். பொறியியல் பட்டதாரிக்குப் பொருத்தமான இடம் அது. ஆனால் கொட்டகைக்குள் கால் வைக்காமல் மேசையிலேயே அமர்ந்து இந்த வேலையை நன்றாகச் செய்ய முடியாது.

கையொப்பத்திற்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்பீர்கள். உப்பளக் கரையில் வளர்ந்தவர்களுக்கு விடை எளிது. நம் வீட்டுக் கதவின் கீல், மிதிவண்டிச் சங்கிலி, மண்வெட்டி ஆகியவற்றை உப்புக் காற்று என்ன செய்கிறது என்று நாம் நாள்தோறும் பார்க்கிறோம். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து உள்ளே புகுந்து அரிக்கும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளி தெரியும். உள்ளே பள்ளம் விழுந்திருக்கும்.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று 95 பேருடன் பறந்துகொண்டிருந்தது. 24,000 அடி உயரத்தில் அதன் மேற்கூரையின் ஒரு பெரும்பகுதி பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானிகள் எப்படியோ தரையிறக்கினார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அந்த விமானம் 19 ஆண்டுகள் பழமையானது. கடல் சூழ்ந்த தீவுகளுக்கிடையே குறுந்தொலைவுப் பயணங்களாக 89,000 முறைக்கு மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே அழுத்தம் ஏறும், இறங்கும்; உலோகம் களைத்துப் போகும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய இணைப்புகளில் பசை விட்டு, அரிப்பும் விரிசலும் புகுந்திருந்தன. பராமரிப்பில் அவை கண்டுபிடிக்கப்படவில்லை. எல்லா இணைப்புகளையும் சோதிக்க வேண்டும் என்று விமானம் செய்தவர்கள் முன்பே அறிவித்திருந்தும், அரசின் ஆணை அவற்றுள் சிலவற்றையே கட்டாயமாக்கியிருந்தது என்பதையும் விசாரணை எடுத்துக்காட்டியது. அன்று விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் விரிசலைக் கண்டாராம், யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையில் கண் தவறியது; மேசையில் தாள் தவறியது. இரண்டு வாயிலும் எவ்வளவு பொறுப்பானவை என்று பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 1990இல் இங்கிலாந்தில் ஒரு விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிடுங்கிக்கொண்டது. விமானி பாதி உடல் வெளியே தொங்க, உடனிருந்தவர்கள் அவரைப் பற்றிக்கொண்டார்கள். அவர் உயிர் பிழைத்தார். காரணம், முதல் நாள் மாற்றிய கண்ணாடியில் 90 திருகாணிகளுள் 84 உரிய பருமனைவிடச் சற்று மெலிந்தவை. குறைந்த அளவு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் அனுபவம் மிக்கவர். ஆனால் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய ஆணியோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவிட்டார். "எனக்குத் தெரியும்" என்ற எண்ணமே இத்தொழிலில் பெரிய பகை.

கடற்கரையில் பிறந்து விமானத்தை நாடிய ஒருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இராமேசுவரத்து அப்துல் கலாம், 1954இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்தார். தம் விருப்பம் பொறியியல் என்று பிறகே உணர்ந்தார். சென்னைக் குரோம்பேட்டையில் 1949இல் இராஜம் அவர்கள் நிறுவிய எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, பணம் இல்லை. அவர் தமக்கையார் தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். அங்கு விமானப் பொறியியல் கற்றபின் அவர் முதலில் சென்றது எங்கே? பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு, ஒரு பயிற்சியாளராக. விமான எந்திரங்களைப் பிரித்துச் செப்பனிடும் பிரிவில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு தொழில் கற்றார். விமானியாகும் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து தவறினார். ஆயினும் தளரவில்லை, 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். பட்டத்திற்குப் பின் கைவேலை கற்பதை அவர் இழிவாக எண்ணியதில்லை.

ஆகவே இத்துறையை விரும்பும் மாணவர்களுக்குச் சில சொற்கள் சொல்வேன். எந்தப் பள்ளியில் பணம் கட்டுமுன்பும், அதற்கு இயக்குநரகத்தின் ஒப்புதல் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது, கைப்பழக்கம் எங்கே கிடைக்கும் என்று நீங்களே பார்த்துத் தெளியுங்கள். "சேர்ந்தால் வேலை உறுதி" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். தொடக்கத்தில் ஊதியம் குறைவாக இருக்கலாம். இரவுப் பணி உண்டு. விழா நாளிலும் விமானம் பறக்கும். பராமரிப்பு நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஒரு வரியையும் ஊகித்துக் கடக்காமல் படிக்கப் பழகுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நேர்ந்தால் "நான்தான் செய்தேன்" என்று உடனே சொல்லும் துணிவு வேண்டும். மறைத்த தவறு விமானத்தோடு வானேறிவிடும். மாணவியரே, இவற்றுள் ஆணுக்கென்று தனியாக ஒதுக்கிய பண்பு எதுவுமில்லை, தயங்காமல் வாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞன் மீண்டும் வந்தான். நான் அறிந்ததைச் சொன்னேன். "முதலில் கீழ்ப்படியில் ஏறு, உரிமத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுது" என்றேன். சில மாதம் அலைந்தபின் ஒரு பராமரிப்புக் கொட்டகையில் பயிற்சியாளனாக அமர்ந்தான். அங்கிருந்து எனக்கு எழுதிய முதல் கடிதத்தில், "ஐயா, இன்னும் திருப்புளியை நம்பித் தரவில்லை. கடலோர ஊர்களுக்குப் போய்வரும் விமானங்களைக் கழுவித் துடைக்கும் குழுவில் இருக்கிறேன். உப்பு தங்கினால் அரிக்கும் என்பதால் இதுவும் பராமரிப்பில் ஒரு பகுதியாம்" என்று எழுதியிருந்தான்.

அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு உப்பளத்திற்குப் போய் அவன் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு சிரித்தார்.

"நான் உப்பை வாருகிறேன், என் மகன் உப்பைக் கழுவுகிறான். நல்ல வேலைதான், ஐயா. சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள், உள்ளே ஆட்கள் போகிறார்கள்" என்றார்.

எழுத்தறியாத அந்தப் பெரியவர் சொன்னதைவிடச் சிறந்த அறிவுரை இத்தொழிலுக்கு என்னிடம் இல்லை. என்றாவது ஒருநாள் நீங்களும் ஒரு தாளில் கையொப்பமிடும் இடத்திற்கு வருவீர்கள். அப்போது அவருடைய சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.